ஜெர்மனியில் மேற்படிப்பு: பணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கியில் கல்விக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தெரிந்தால் போதும், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இப்போது பாதிப் பேருக்கு மேல் கேட்பது ஜெர்மனியைப் பற்றித்தான். கேள்விகளும் ஏறக்குறைய அதே கேள்விகள். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

இங்கே பேசுவது தமிழ்நாட்டிலிருந்து ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர்களின் கணக்கு. தொகைகள் 2025-26 நிலவரப்படி. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு யூரோவை 100 ரூபாயாக எடுத்துக்கொள்கிறேன். விண்ணப்பிக்கும் நேரத்தில் ஜெர்மன் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

"ஜெர்மனியில படிப்பு ஃப்ரீயாமே, நிஜமா சார்?"

படிப்புக்கான கட்டணம் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கிடையாது. செமஸ்டருக்கு ஒருமுறை 100 முதல் 400 யூரோ வரை பங்களிப்புத் தொகை மட்டும் வாங்குவார்கள். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கிவிடும். விதிவிலக்குகளும் உண்டு. ஸ்டுட்கார்ட், ஹைடல்பெர்க், கார்ல்ஸ்ரூஹ எல்லாம் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது. மாஸ்டர்ஸுக்குப் பெரும்பாலும் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ.

ஆகவே ஃப்ரீ என்பது வகுப்பறைக்குள் மட்டும். சாப்பாடு, வாடகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் காசுதான்.

"சுத்தி வளைக்காம மொத்தம் எவ்வளவு வேணும்னு சொல்லுங்க."

கட்டணம் இல்லாத ஊராக இருந்தால், முதல் வருடத்துக்கு ஏறக்குறைய பதினைந்தரை லட்சம். பிளாக்டு அக்கவுண்டில் போடுவதற்கு 12, கிளம்பும் முன் ஒன்றரை, இறங்கியவுடன் கையில் 2. இரண்டாம் வருடத்தைப் பிறகு பார்ப்போம்.

ஆனால் மொத்தத் தொகையைவிட, எந்த மாதம் எவ்வளவு கையில் இருக்க வேண்டும் என்பதுதான் நம் குடும்பங்களைக் கஷ்டப்படுத்துகிறது. லோன் சாங்ஷன் ஆகிவிட்டது, நிலமும் விலை பேசியாகிவிட்டது என்றிருக்கும். ஜூலையில் வேண்டிய பணம் செப்டம்பரில் வந்து சேரும். அட்மிஷன் வாங்கிய பிள்ளை ஒரு செமஸ்டர் வீட்டில் உட்கார்ந்திருக்கும். ஒரு தாளை எடுத்து மாதவாரியாகக் கோடு போட்டுவிட்டு அப்புறம் வங்கிக்குப் போங்கள்.

"பிளாக்டு அக்கவுண்ட்னா என்ன? அதுல போட்ட 12 லட்சம் போனது போனதுதானா?"

இல்லை. அது யாருக்கும் கட்டும் கட்டணம் கிடையாது, உங்கள் பிள்ளையின் பணம்தான். அங்கே போய்ச் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நிற்க மாட்டார் என்பதற்காக ஜெர்மனி கேட்கும் ஆதாரம். 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ. அதை ஒரே தடவையில் எடுக்க முடியாது, மாதம் 992 யூரோவாகத்தான் வரும். கணக்கைத் திறந்து கொடுக்கும் நிறுவனங்கள் தொடக்கக் கட்டணமாக ஏறக்குறைய 100 யூரோவும் மாதாமாதம் சில யூரோவும் எடுத்துக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியது வேறு. அங்கே இறங்கிய அன்றே அந்த 992 வந்துவிடாது. நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்து, உள்ளூர் வங்கிக் கணக்கு திறந்து, அந்த எண்ணைக் கொடுத்த பிறகே முதல் தவணை வரும். பதிவு செய்ய அப்பாயின்ட்மென்ட் வேண்டும், பதிவுக்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்தும் வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கலாம். மேலே சொன்ன 2 லட்சம் இதற்காகத்தான்.

"கிளம்புறதுக்கு முன்னாடியே ஒன்றரை லட்சமா? எதுக்கு?"

சில்லறைச் சில்லறையாகப் போவதால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். நம் பட்டங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் அதற்கு 18,000 ரூபாய். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கும் ஏறக்குறைய அவ்வளவு. பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் 30. ஆறு இடத்துக்குப் போட்டால் 225 யூரோ. விசாவுக்கு 75 யூரோ. விமான டிக்கெட் 50,000 பக்கம். மதிப்பெண் பட்டியலுக்கு நகல், கூரியர், ஒரு நல்ல குளிர்க் கோட்டு என்று மீதியும் கரைந்துவிடும்.

இதெல்லாம் லோன் வருவதற்கு முன்பே செலவாகும் பணம். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

"இறங்குனதும் 2 லட்சம் ரொம்ப அதிகமில்லையா? எங்க பொண்ணு சிக்கனமான பொண்ணு."

சிக்கனத்துக்கு இதில் வேலையில்லை அம்மா. ஒரு ரூமின் வாடகை 350 யூரோ என்று வையுங்கள். வீட்டுக்காரர் முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை வாங்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. இரண்டு மாதம் வாங்கினால் 700. முதல் மாத வாடகை 350. செமஸ்டர் பங்களிப்பு 250. மருத்துவக் காப்பீடு 150. மெத்தை, போர்வை, குக்கர், முதல் மாத மளிகை என்று 300. இதற்குள்ளேயே 1,750 யூரோ போய்விட்டது. ரூம் கிடைக்கும் வரை ஹாஸ்டலில் தங்கினால் அது தனி.

"மாசம் 992 யூரோ போதுமா?"

ஊரைப் பொறுத்தது. கெம்னிட்ஸ், மாக்டபுர்க் மாதிரி கிழக்கு ஜெர்மனி ஊர்களில் மாணவர் விடுதியில் 250 முதல் 350 யூரோவுக்கு ரூம் கிடைத்தால் 992-இல் மிச்சமே பிடிக்கலாம். மியூனிக்கில் வாடகைக்கே 700, 800 என்று போனால் திண்டாட்டம்தான். வாடகையைக் கணக்கில் எடுக்காமல் மியூனிக்கையும் கெம்னிட்ஸையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். மாதம் 400 யூரோ வித்தியாசம் என்றால் இரண்டு வருடத்தில் 9,600 யூரோ.

வாடகை கேட்கும்போது ஹீட்டிங், தண்ணீர் சேர்ந்த வாடகையா, சேராததா என்று கேளுங்கள். இன்னொன்று, வீட்டுக்கு ஒன்றாக மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் உண்டு. டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். கடிதம் ஜெர்மனில் வரும். ஏதோ விளம்பரம் என்று குப்பையில் போட்டால் அபராதத்தோடு திரும்பி வரும்.

"எனக்கு 29 வயசு. எனக்கும் இதே கணக்குதானா அங்கிள்?"

காப்பீட்டில் மாறும். அரசு மருத்துவக் காப்பீட்டின் மாணவர் சலுகைக் கட்டணம், அதாவது நான் மேலே எழுதிய 150, பொதுவாக 30 வயது முடியும் வரைதான். அதற்குப் பிறகு கட்டணம் கணிசமாக ஏறும். படிப்பின் நடுவில் 30 தாண்டுகிறவர்கள் இதை முதலிலேயே பட்ஜெட்டில் போட வேண்டும். மாதாமாதம் வரும் செலவு இது, ஒருமுறை கட்டிவிட்டு மறக்கிற செலவு கிடையாது.

"பார்ட் டைம் வேலை பார்த்தே சமாளிச்சிடலாம்னு ஏஜென்ட் சொல்றார்."

வேலை பார்க்க அனுமதி உண்டு. 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி நேரம் கிடைத்தால் மாதம் 1,200 யூரோ, ஓய்வூதியப் பிடித்தம் போக 1,100 பக்கம் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் செமஸ்டரில் அது கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். பெரிய நகரத்தில் வேலை இருக்கும், வாடகை அதிகம். சின்ன ஊரில் வாடகை குறைவு, ஜெர்மன் பேசத் தெரியாமல் வேலை கிடைப்பது சிரமம். படிப்புக்கு ஏற்ற வொர்க்கிங் ஸ்டூடன்ட் வேலை பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் செமஸ்டரில்தான் அமையும். முதல் வருடம் பிளாக்டு அக்கவுண்ட், இரண்டாம் வருடம் வேலை என்று வகுத்துக்கொள்வது ஓரளவு நியாயமான கணக்கு. ஃப்ரீலான்ஸ் வேலை, சொந்தத் தொழில் எல்லாம் தனி அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது.

"ஊர்ல வீடு இருக்கு, நிலம் இருக்கு. லோன் உடனே கிடைச்சிடுமா?"

வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை பொதுவாகச் சொத்து அடமானம் வேண்டாம். அதற்கு மேல் சொத்து அடமானம். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் நீங்கள் போட வேண்டும். அதை மார்ஜின் என்பார்கள். ஸ்காலர்ஷிப் கிடைத்திருந்தால் அதையும் மார்ஜினில் சேர்க்கலாம்.

சொத்து இருப்பது வேறு, வங்கி ஏற்கும் சொத்து இருப்பது வேறு. தாத்தா பேரில் பத்திரம், கூட்டுப் பட்டாவில் நான்கு பேர், அத்தை கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்: என் மேஜைக்கு வந்த கோப்புகளில் பாதி இங்கேதான் நின்றது. விவசாய நிலத்தைப் பல வங்கிகள் கல்விக்கடனுக்கு எடுப்பதில்லை. அப்ரூவல் இல்லாத மனையும் அப்படித்தான். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் கையில் இருந்தாலும் வக்கீல் கருத்து, மதிப்பீடு, அடமானப் பதிவு என்று ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அட்மிஷன் கடிதத்துக்காகக் காத்திருக்காமல், ஏபிஎஸ்ஸுக்கு விண்ணப்பிக்கும்போதே பட்டா வேலையையும் தொடங்குங்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. "காலேஜ் ஃபீஸே இல்லையே, எதுக்கு லோன்?" என்று கிளையில் கேட்பார்கள். கேட்பவர் மேல் தப்பில்லை, அவர் பார்த்த கோப்புகளில் எல்லாம் கட்டண ரசீது இருக்கும். பிளாக்டு அக்கவுண்ட் தேவை என்று தூதரகம் சொல்லும் பக்கத்தை அச்செடுத்துக் கொடுங்கள். கூடவே, விசாவுக்கு முன்பே அந்தப் பணத்தை அனுப்புவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசா வந்த பிறகுதான் தருவோம் என்று சொல்லும் கிளையால் ஜெர்மனி மாணவருக்குப் பிரயோஜனமில்லை.

"அடமானமே இல்லாம ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி பத்து நாள்ல தர்றேங்குது. வாங்கலாமா?"

வாங்கலாம், வட்டியைப் பார்த்துவிட்டு. பொதுத்துறை வங்கியில் 9, 10 சதவீதம் என்றால் அங்கே 11 முதல் 14 வரை போகும். பெண் பிள்ளைகளுக்குப் பல பொதுத்துறை வங்கிகள் அரை சதவீதம் குறைக்கின்றன. அதையும் கேட்டுப் பாருங்கள். சொத்தில் சிக்கல், நேரமும் இல்லை என்றால் ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு வழிதான். வேறு வழியிருந்தும் பத்திரம் எடுக்கும் அலைச்சலுக்குச் சோம்பல்பட்டு அங்கே போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"படிக்கும்போது வட்டி கட்ட வேண்டாம்தானே?"

கட்டாமல் இருக்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும். படிப்புக் காலமும் அதன்மேல் ஒரு வருடமும் தவணை விடுப்பு. 15 லட்சத்துக்கு 10 சதவீதத் தனி வட்டி என்றால் மாதம் 12,500. மூன்று வருடத்தில் நாலரை லட்சம். அது அசலோடு சேர்ந்து 19.5 லட்சமாகிவிட்டால், பத்து வருடத் தவணை மாதம் ஏறக்குறைய 25,800. வட்டியை அவ்வப்போது கட்டியிருந்தால் 15 லட்சத்துக்கு 19,800. முழுதாகக் கட்ட முடியாவிட்டாலும் மாதம் 5,000 கட்டினாலே பின்னால் சுமை குறையும்.

வட்டி கட்டத் தொடங்கிய வருடத்திலிருந்து, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வருமான வரியில் வட்டி முழுவதற்கும் எட்டு வருடம் கழிவு உண்டு. கடன் யார் பேரில் இருக்கிறதோ, யார் கட்டுகிறாரோ அவருக்குத்தான். புதிய வரி முறையில் இந்தக் கழிவு இல்லை.

"நகையை வெச்சே முடிச்சிடலாம்னு பார்க்கிறோம். லோன் எதுக்கு?"

நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருடக் கடன். நமக்கு வேண்டியது பத்து வருடக் கடன். ஒவ்வொரு வருடமும் திருப்பி வைக்க வேண்டும், ஒரு வருடம் கை சுருங்கினால் ஏலம். லோன் வரும் வரை இடையில் இரண்டு மாதத்தைக் கடப்பதற்கு நகை நல்ல உதவி. வங்கிப் பணம் வந்ததும் திருப்பிவிடுங்கள். நகைக்கடனாகவே ஓட்டினால் தவணை விடுப்பும் கிடையாது, மேலே சொன்ன வரிக் கழிவு கேட்பதும் சிரமம்.

"பணம் அனுப்பும்போது டிசிஎஸ்னு பிடிக்கிறாங்களே, அது என்ன கொடுமை?"

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடித்து வைக்கும் வருமான வரிதான் டிசிஎஸ். 2025 ஏப்ரலிலிருந்து, அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக்கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு டிசிஎஸ் இல்லை. சொந்தப் பணமாக இருந்தால் ஒரு பான் எண்ணுக்கு நிதியாண்டில் 10 லட்சம் வரை இல்லை. அதற்கு மேல் போகும் தொகைக்கு மட்டும், படிப்பு என்றால் 2025-26-இல் 5 சதவீதமாக இருந்தது. அந்தக் கணக்கில் 12 லட்சம் அனுப்பியிருந்தால் 2 லட்சத்துக்கு 10,000 ரூபாய். அதையும் வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். வருமானமே இல்லாத பிள்ளையின் பான் எண்ணில் அனுப்பினால், பிடித்ததைத் திரும்ப வாங்க அவரும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அனுப்பும் படிவத்தில் நோக்கம் என்ற இடத்தில் வெளிநாட்டுக் கல்வி என்று இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வேறு நோக்கத்தைக் குறித்துவிட்டால் 10 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம்.

"யூரோ குறையட்டும்னு காத்திருக்கலாமா?"

2025 தொடக்கத்தில் 90 ரூபாய்க்குக் கீழே இருந்த யூரோ அந்த வருடம் முடிவதற்குள் 100-ஐத் தாண்டிவிட்டது. பிளாக்டு அக்கவுண்ட் ஒன்றுக்கே லட்ச ரூபாய்க்கு மேல் வித்தியாசம். லோன் கேட்கும்போதே பத்து சதவீதம் கூடுதலாகக் கேளுங்கள். தேவைப்படாவிட்டால் எடுக்க வேண்டாம், எடுக்காத பணத்துக்கு வட்டி இல்லை.

"சொந்தமா பணம் இல்ல. ஒருத்தர் பிளாக்டு அக்கவுண்ட்ல போட்டுத் தர்றாராம், அங்க போய் மாசாமாசம் அவருக்குத் திருப்பணுமாம்."

இதைத்தான் வேண்டவே வேண்டாம் என்பேன். மாதம் வரும் 992-ஐ அவருக்கு அனுப்பிவிட்டால் வாடகைக்கு என்ன செய்வீர்கள்? வேலை என்றால், மேலே சொன்னது போல முதல் செமஸ்டரில் அது நிச்சயமில்லை. வட்டியும் வங்கி வட்டி கிடையாது. பணத்துக்கு உண்மையான ஆதாரம் இல்லை என்று தெரிந்தால் விசாவுக்கும் ஆபத்து. சொந்தக்காரர் உண்மையிலேயே உதவுகிறார் என்றால் தாராளமாக வாங்குங்கள், வங்கி வழியாக, எழுத்தில், எப்போது திருப்புவது என்ற தேதியோடு.

"ஸ்காலர்ஷிப் ஏதும் இல்லையா?"

உண்டு, ஆனால் பெரும்பாலும் ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் உதவித்தொகைகள் மாதம் 992 யூரோ அளவில். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டுப் படிப்புகளில் மாதம் 1,400 யூரோ. அங்கே சேர்ந்த பிறகு டாய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியம் என்ற உதவித்தொகை, மாதம் 300 யூரோ, எந்த நாட்டு மாணவரும் கேட்கலாம். பட்டியல் வகுப்பினருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழக அரசும் தனியாக வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகை தருகிறது. சிறுபான்மையினருக்கு இருந்த படோ பர்தேஷ் வட்டி மானியம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் இருக்கிறது என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

"கன்சல்டன்சில பிரைவேட் யுனிவர்சிட்டிதான் நல்லதுன்னு சொல்றாங்க."

கன்சல்டன்சிக்குக் கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுத்து ஆள் பிடிப்பதில்லை. பல தனியார் கல்லூரிகள் கொடுக்கின்றன. வருடக் கட்டணம் 10,000 யூரோவைத் தாண்டும் இடங்கள் உண்டு. அதன்மேல் பிளாக்டு அக்கவுண்டும் வேண்டும். கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

"விசா ரிஜெக்ட் ஆனா எல்லாம் போச்சா?"

பிளாக்டு அக்கவுண்ட் பணம், நிராகரிப்புக் கடிதத்தைக் காட்டினால் திரும்பி வரும். லோனாக இருந்தால் கடன் கணக்கிலேயே கட்டப்படும். அனுப்பும்போதும் திரும்பும்போதும் மாற்று விகிதத்தில் ஒரு நஷ்டம், இடைப்பட்ட நாளுக்கு வட்டி, அப்புறம் நான்காவது கேள்வியில் சொன்ன சில்லறைகளில் பெரும்பகுதி: இவ்வளவுதான் கைவிட்டுப் போவது.

"ரெண்டு வருஷப் படிப்பு. ஆனா சீனியர்ஸ் எல்லாம் மூணு வருஷம் இருக்காங்களே?"

உண்மை. தேர்வைத் தள்ளிப் போடுவது, இன்டர்ன்ஷிப், தீசிஸ் என்று ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர் வரை போகிறவர்கள் நிறையப் பேர். வங்கி தாளில் இரண்டு வருடம் என்றுதான் பார்க்கும், தவணை விடுப்பும் அதை வைத்தே. படிப்பு நீண்டால் பல்கலைக்கழகத்தின் கடிதத்தோடு முன்கூட்டியே கிளைக்கு எழுத வேண்டும். முதல் தவணை தவறிய பிறகு எழுதினால் கிளை மேலாளர் கையில் ஒன்றுமில்லை. தங்கும் அனுமதியை நீட்டிக்கவும் அங்கே மறுபடி பண ஆதாரம் கேட்பார்கள். வேலை ஒப்பந்தமும் சம்பளச் சீட்டும் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். இல்லையென்றால் மறுபடி பிளாக்டு அக்கவுண்ட்.

"படிச்சு முடிச்சு வேலை கிடைக்கலைன்னா?"

வேலை தேட 18 மாதம் தங்கும் அனுமதி கிடைக்கும். வங்கியின் விடுப்போ படிப்பு முடிந்து ஒரு வருடம்தான். கடைசி ஆறு மாதம் வேலை இல்லாமலேயே தவணை ஓடலாம். அப்போது வங்கி அழைப்பது இணைக் கடனாளியான அப்பாவைத்தான். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இருவருக்குமே விழும். அப்பாவின் ஓய்வு தேதி எந்த வருடம் என்று பார்த்து, முதல் தவணை தேதியோடு ஒப்பிடுங்கள். ஓய்வுக்குப் பிறகு தவணை தொடங்குகிறது என்றால், ஆறு மாதத் தவணையை, அதாவது மேலே போட்ட கணக்குப்படி ஒன்றரை லட்சத்தை, கிராஜுவிட்டி வந்த அன்றே தனி வைப்புநிதியில் போட்டுவிடுங்கள்.